எபிரேய வேதத்தில் எண்கள்: மறைபொருளும் சமுதாயப் பொருளும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நெல்விளை நிலங்களின் நடுவே அமைந்த ஊர் வவுணதீவு. கதிரவன் மறையும் திசையிலுள்ளமையால் அப்பகுதியைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குப் பகுதியை எழுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். அறுவடை இயந்திரங்கள் வந்து களங்கள் அருகுவதற்கு முன்னர், தமிழுழவர் நெல் அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'இலாபம்' என்றே சொல்லித் தொடங்குவர். இவ்வழக்கைக் கேட்கும் எவரும் அச்சொல்லிலே மறைகுறியீடு தேடுவதில்லை. ஓராண்டு உழைப்பு, கொடுக்கவேண்டிய பங்கு, தீர்க்கவேண்டிய கடன், எஞ்சுமோ எஞ்சாதோ என்ற அச்சம் ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன என்பது கேட்ட மாத்திரத்திலே விளங்கும்.

ஆனால், கிறித்தவர் பழைய ஏற்பாடு என வழங்கும் எபிரேய வேதத்திலே ஏழு, பன்னிரண்டு, நாற்பது, எழுபது என்னும் எண்கள் எதிர்ப்படும்போது நமது நோக்கு மாறிவிடுகின்றது. அவற்றை விடுவிக்கவேண்டிய புதிர்களாகவே பலர் கருதுகின்றனர். ஏழு நிறைவைக் குறிக்கும், நாற்பது சோதனையைக் குறிக்கும் என்றவாறு அகராதி போன்று பொருள் கூறி அமைவோரும் உளர். இவ்விருவகை வாசிப்பும் எண்ணைச் சமுதாயத்திலிருந்து பிரித்தெடுத்துவிடுகின்றன. எபிரேய வேதத்து எண்கள் முதன்மையாக ஒரு மக்கட் கூட்டம் தன் உறவுகளையும் கடமைகளையும் அளந்து நினைவிற் கொள்வதற்குக் கைக்கொண்ட அளவைகளே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மறைபொருள் வாசிப்பின் இயல்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதுமானது. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்திலே, சிறைபிடிக்கப்பட்ட லோத்தை மீட்க ஆபிராம் தன் வீட்டிற் பிறந்த 318 ஆட்களுடன் செல்கிறான். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. அதன்படி கூட்டினால் ஆபிராமின் ஊழியனான எலியேசரின் பெயர் 318 ஆகின்றது. ஆகவே சென்றவன் எலியேசர் ஒருவனே என்று தல்மூதிலே ஒரு விளக்கம் காணப்படுகின்றது. தொடக்ககாலக் கிறித்தவ நூலான பர்னபாவின் நிருபமோ கிரேக்க எழுத்துகளைக் கொண்டு அதே எண்ணைக் கணக்கிட்டது. முந்நூறு சிலுவை வடிவுடைய எழுத்தாயிற்று; பதினெட்டு இயேசுவின் பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகளாயிற்று.

ஒரே எண், இரண்டு நெடுங்கணக்குகள், இரண்டு சமயங்கள், இரண்டு விடைகள். இரண்டிலும் கணக்குப் பிழையில்லை. பிழையற்ற கணக்கு எந்த முடிவுக்கும் துணைபோகுமெனின், அம்முடிவு நூலிலிருந்து பெறப்பட்டதன்று. வாசகர் கையோடு கொண்டுவந்தது என்பதே பொருள். அன்றியும், எபிரேய எழுத்துகளை எண்களாக வழங்கும் முறை கிரேக்க ஆட்சிக்காலத்தை ஒட்டியே சான்றுகளிற் புலப்படுகின்றது. அதற்கு நெடுங்காலம் முற்பட்ட மரபுகளிலே அம்முறையைத் தேடுவது காலவழுவாகும்.

2

ஏழு என்னும் எண்ணை நோக்குவோம். ஆதியாகமம் 21ஆம் அதிகாரம் ஒரு கிணற்று வழக்கைக் கூறுகின்றது. ஆபிரகாம் தோண்டிய கிணற்றை அபிமெலேக்கின் ஆட்கள் பறித்துக்கொள்கின்றனர். வழக்குத் தீர்கையில் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்தி, கிணறு தன்னுடையதென்பதற்கு அவற்றைச் சாட்சியாக்குகிறான். அவ்விடம் பெயெர்செபா எனப் பெயர்பெறுகின்றது. எபிரேயத்திலே ஏழைக் குறிக்கும் சொல்லும் ஆணையிடுதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூன்று மெய்யெழுத்துகளின் அடியாக அமைந்தவை. ஆதலின் அப்பெயர் 'ஏழின் கிணறு' எனவும் 'ஆணையின் கிணறு' எனவும் ஒருங்கே பொருள்படும்.

தமிழிலே இத்தொடர்பைப் பெயர்க்க இயலாது. 'ஏழு' என்ற சொல்லுக்கும் 'ஆணை' என்ற சொல்லுக்கும் நம் மொழியில் உறவில்லை. மூலமொழியிலே வாக்குறுதியின் ஒலியோடு கேட்கும் எண், தமிழ் வாசகர் கையிலே வெறும் தொகையாகிவிடுகின்றது. அவ்வெறுமையை நிரப்பவே மறைபொருள் நுழைகின்றது. நீரின்றி மந்தை பிழையாத வறண்ட நிலத்திலே, கிணற்றுரிமை பற்றிய உடன்பாட்டின் எண்ணாக ஏழு நிற்கின்றது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சொல்லமைப்பிலும் இவ்வெண் தொழிற்படுகின்றது. ஆதியாகமத்தின் முதல் வசனம் எபிரேயத்தில் ஏழு சொற்களாலானது. இரண்டாவது பதினான்கு சொற்களாலானது. இதுவும் மறைகுறியீடன்று; ஏழு நாட் படைப்பைப் பாடவந்த புலவனின் யாப்புணர்வு. பெஸ்கி பாடிய தேம்பாவணி மூன்று காண்டங்களும், காண்டந்தோறும் பன்னிரண்டு படலங்களுமாக அமைந்திருப்பதை ஒப்புநோக்கலாம். எண் அங்கே நூலைத் தாங்கும் சட்டகமாகின்றது.

3

பன்னிரண்டு என்னும் எண் இன்னும் தெளிவான சான்று. இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு என்பர். ஆயின் அவற்றின் பட்டியல்கள் ஒன்றுபோல் இல்லை. சில பட்டியல்களிலே லேவியும் யோசேப்பும் இடம்பெறுகின்றனர். வேறு சிலவற்றிலே லேவி நீங்க, யோசேப்பின் இடத்தில் எப்பிராயீம், மனாசே என இரண்டு பெயர்கள் புகுகின்றன. வேதத்தின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்றெனக் கருதப்படும் தெபொராளின் பாட்டு, போருக்கு வந்தோரும் வராதோருமாகப் பத்துக் குழுக்களையே பெயர் கூறுகின்றது. பெயர்கள் மாறின, எண்ணிக்கை பின்னர் நிலைபெற்றது. பெயரை விட்டுக்கொடுத்தும் எண்ணை விடாத இப்பற்று எதனைக் காட்டுகின்றது?

இதற்கு விடைகாண மட்டக்களப்பின் குடிமுறை நமக்குத் துணைசெய்யும். இங்கே தாய்வழியாக வரும் குடிகள் மணவுறவையும் கோயிலுரிமையையும் வரையறுத்து வந்துள்ளன. குடிகள் ஏழு என்பது மரபான வழக்கு. ஆனால் எவை அவ்வேழு எனக் கேட்பின் ஊருக்கூர் விடை வேறுபடும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் முதலிய நூல்களிலும், மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆய்விலும் குடிகள் பற்றிய செய்திகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் காண்பர். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி போன்ற பெயர்கள் ஓரிடத்தில் முதன்மை பெறும். பிறிதோரிடத்தில் வேறு பெயர்கள் அவ்விடத்தைப் பெறும். ஏழு என்பது தலையெண்ணிக்கையன்று. பங்கும் முறையும் உரிமையும் உடைய ஒரு முழுமை இங்குண்டு என்ற உறுதிமொழியே அது.

பன்னிரண்டு கோத்திரமும் அத்தகையதே. இதனாற் குடிமுறை எபிரேயரிடமிருந்து வந்ததென்றோ, எல்லாப் பண்பாடும் ஒன்றேயென்றோ முடிவு கட்டுதல் தகாது. உறவுமுறையே அரசியலாகவும் இருந்த இரு சமுதாயங்கள் எண்ணை ஒத்த தேவைக்குப் பயன்படுத்தின என்பதற்கு மேல் நாம் கூறவில்லை.

எண்ணுப்பெயரே உறவுப்பெயராவதும் உண்டு. 'எலெப்' என்னும் எபிரேயச் சொல் ஆயிரத்தைக் குறிப்பது. ஆயினும் நியாயாதிபதிகள் ஆகமத்திலே கிதியோன் தன் 'எலெப்' மனாசேயில் எளியது என்னும்போது, அதனை ஆயிரம் என்று பெயர்த்தாற் பொருள் வராது. குடி என்பதே பொருந்தும். எண்ணாகமம் எகிப்திலிருந்து வெளியேறிய ஆடவர் தொகையை 603,550 எனத் தருகின்றது. அவ்வாறாயின் மொத்த மக்கள் இருபது இலட்சத்தை எட்டுவர். பாலைநிலம் அத்துணை மக்களைத் தாங்காது. எலெப் என்பது இங்கே ஆயிரமன்று, குடிகள் அனுப்பிய படைப்பிரிவு என்று ஜோர்ஜ் மென்டன்ஹால் 1958இல் வாதிட்டார். இவ்வாதத்தை எல்லா அறிஞரும் ஏற்றிலர். எனினும் எண்ணின் பின்னாலே குடியமைப்பைத் தேடவேண்டும் என்ற நெறியை அது வலியுறுத்தியது.

4

நாற்பது காலத்தின் அளவை. வெள்ளத்தின் மழை நாற்பது நாள். மோசே மலையிலிருந்தது நாற்பது நாள். வனாந்தரப் பயணம் நாற்பது ஆண்டு. தாவீதும் சாலொமோனும் தனித்தனி நாற்பது ஆண்டு அரசாண்டனர். எகிப்திலிருந்து புறப்பட்ட காலந்தொட்டுச் சாலொமோன் ஆலயங் கட்டத் தொடங்கும்வரை 480 ஆண்டு என இராஜாக்களின் முதற் புத்தகம் கூறுகின்றது. பன்னிரண்டை நாற்பதாற் பெருக்க வருவது அதுவே. நாற்பது ஒரு தலைமுறைக்குரிய தொகை எனின், பன்னிரண்டு தலைமுறை என்பதே அதன் கருத்தாகலாம். இதனை நாட்குறிப்பாகக் கொண்டு வரலாற்றாண்டு கணிப்போர் இடர்ப்படுவதில் வியப்பில்லை.

எழுபது இன்னும் ஆழமானது. பாபிலோனிய அடிமைத்தனம் எழுபது ஆண்டு நீடிக்கும் என்றான் எரேமியா. எருசலேம் வீழ்ந்தது கி.மு. 587 அல்லது 586. மீள்வதற்குப் பாரசீக அரசன் கோரேசு இசைந்தது கி.மு. 538 அளவில். இடைப்பட்ட காலம் ஐம்பதாண்டுக்கும் குறைவு. இதனை நாளாகமத்தின் ஆசிரியர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது நோக்கற்பாலது. ஏழாம் ஆண்டுகளிலே நிலத்துக்கு மறுக்கப்பட்ட ஓய்வை எழுபதாண்டுத் தரிசிலே நிலம் தானே எடுத்துக்கொண்டது என்கிறார் அவர். எண் இங்கே காலக்கணக்கன்று, கடன்கணக்கு. படுவான்கரை மக்கள் 2007 மார்ச்சிலே போரினாற் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆளற்ற வயல் எத்தகையது என்பதை அறிந்த வாசகருக்கு நாளாகம ஆசிரியரின் படிமம் அந்நியமாகத் தோன்றாது.

5

இவ்வெண்களின் உயிர்நிலை ஏழாம் ஆண்டுச் சட்டமாகும். யாத்திராகமம் ஏழாம் ஆண்டிலே நிலத்தைத் தரிசாக விட்டு, அதில் தானாய் விளைவதை எளியவர் உண்ணவிடச் சொல்கின்றது. உபாகமம் 15ஆம் அதிகாரம் அவ்வாண்டிலே கடனை விடுவிக்கக் கட்டளையிடுகின்றது. லேவியராகமம் ஏழேழு நாற்பத்தொன்பதை எண்ணி, ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியிலே விற்ற நிலம் உரிய குடும்பத்திடம் மீளவேண்டும் என்கின்றது. ஆக, ஏழு நிறைவைக் குறிக்கும் என்பது உண்மையில் அரைகுறை விளக்கம். கடன் தீராதவரை நிறைவு இல்லை என்பதே சட்டத்தின் கூற்று.

இச்சட்டங்கள் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தன என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அவை உறுத்தின என்பதற்குச் சான்றுண்டு. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதென்று எண்ணி எளியவனுக்குக் கடன்கொடுக்க மறுக்கும் நெஞ்சை உபாகமமே கண்டிக்கின்றது. எரேமியா 34ஆம் அதிகாரத்திலே, முற்றுகைக் காலத்தில் எருசலேமின் பெருமக்கள் அடிமைகளை விடுவித்துவிட்டுப் பின்னர் மீண்டும் பிடித்துக்கொள்கின்றனர். தீர்க்கதரிசி அதனை உடன்படிக்கைத் துரோகம் என்கிறான். பிற்காலத்தில் ஹில்லேல் என்னும் ஆசிரியர், கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஏழாம் ஆண்டு விடுதலையைத் தவிர்க்கும் 'புரொஸ்புல்' என்ற முறையை ஏற்படுத்தியதாக மரபு கூறும். கடன் கிடைக்காது எளியவர் வருந்தாதிருக்கவே அது செய்யப்பட்டது என்பர். எண்ணைச் சுற்றி நடந்த இப்போராட்டங்களே அதன் உண்மையான உரை.

இதனை மிகைப்படுத்துதலும் ஆகாது. உபாகமத்தின் கடன்விடுதலை அந்நியனுக்கு உரியதன்று. லேவியராகமம் பிற இனத்து அடிமையை என்றென்றும் வைத்துக்கொள்ள இடந்தருகின்றது. மட்டக்களப்பின் குடிமுறையும் உரிமைகளைப் பங்கிட்டபோது சிலரை ஊழியத்துக்கு மட்டுமே உரியோராக நிறுத்தியது. முழுமையைக் குறிக்கும் எந்த எண்ணும் எண்ணப்படாதோரையும் உடன் உண்டாக்குகின்றது.

6

மறைபொருள் வாசிப்பு முற்றிலும் புறத்தேயிருந்து வந்தது என்று கூறினும் பிழையாகும். தானியேல் ஆகமத்தின் 9ஆம் அதிகாரமே எரேமியாவின் எழுபதை எழுபது வாரங்களாக, அதாவது 490 ஆண்டுகளாக, மறுவாசிப்புச் செய்கின்றது. அந்தியோகு எப்பிபானின் கொடுமைக் காலத்திலே, ஏறத்தாழ கி.மு. 165இல், அந்நூல் இன்றைய வடிவம் பெற்றது என்பர் பெரும்பாலான ஆய்வாளர். வாக்குறுதி நிறைவேறாத நெருக்கடியிலே எண்ணுக்குள் நம்பிக்கை தேடப்பட்டது. அத்தேடலை நாம் இகழ்தற்கில்லை. எனினும் அத்தகைய கணிப்பை வாழ்வின் கடமைக்குப் பதிலாகக் கொண்டோர் அடைந்தது ஏமாற்றமே. தானியேலின் 2300 நாளைக் கணக்கிட்டு வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஆம் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். நாள் வந்து போயிற்று.

கணிக்கும் வாசிப்பு மனிதரைக் காத்திருக்கச் செய்கின்றது. கடமையை உணர்த்தும் வாசிப்போ கொடுத்தவனையும் கடன்பட்டவனையும் ஒருவர்க்கொருவர் எதிரே நிறுத்துகின்றது. போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே கிழக்கிலங்கைக் கிராமங்களிற் பல பெண்கள் நுண்கடன் தவணைகளால் நொந்துள்ளனர். வாரத்தின் எந்த நாள் வசூலிப்பவர் வருவார் என்பதே அவ்வீடுகளின் நாட்கணக்கு. ஏழாவது நாள் ஓய்வு, ஏழாவது ஆண்டு விடுதலை எனக் கூறும் நூலை அத்தகைய வீட்டுத் திண்ணையிலிருந்து வாசிப்பவருக்கு ஏழு புதிராகத் தோன்றாது. நெற்களத்திலே முதல் அளவை 'இலாபம்' என்று சொன்னவனும், அவ்விலாபம் தன் வீடு சேருமா என்பதையே எண்ணிக்கொண்டிருந்தான்.