எடுத்த பெயரும் விடுத்த பெயரும்

ஒன்றை எடுத்து மொழிந்தால் அது தன் இனத்தையும் குறிப்பால் உணர்த்துதற்கு உரியது என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறும் விதிகளுள் ஒன்று. உரையாசிரியர் இதனை விளக்கக் கோழிச் சண்டையைக் காட்டுவர். கீழ்ச்சேரிக் கோழி வென்றது என்ற அளவிலே மேற்சேரிக் கோழி தோற்றமை சொல்லாமலே பெறப்படும். இவ்விதி எல்லா இடத்தும் செல்லாது என்பதும் அவர்கள் அறிந்ததே. பசு வாழ்க என வாழ்த்தினால் ஏனைய விலங்குகள் அழிக என்பது பொருளன்று. இரண்டு எதிரெதிர் நிற்குமிடத்திலேதான் ஒன்றன் பெயர் மற்றொன்றன் நிலையைக் காட்டும். இந்நுண்மை செய்தித்தாள் நடையை ஆராய்வதற்கும் துணையாகும் என்பது எம் கருத்து. கட்சிகளுக்குப் பொருள் வழங்கிய செல்வர்தம் வரிநிலை பற்றி 2010ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் எழுந்த பூசலை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். ஒருவர் ஒரு நாட்டில் வாழ்தல் வேறு. அந்நாட்டைத் தம் நிலையான தாயகமாகக் கொள்ளுதல் வேறு. பின்னதனை ஆங்கிலச் சட்டம் 'டொமிசைல்' என்னும். யாம் அதனை நிலைக்குடிமை என்போம். பிரித்தானியாவில் வாழ்ந்தும் வேற்றுநாட்டு நிலைக்குடிமை உடையவர் 'நான்-டாம்' எனப்பட்டனர். அவர்கள் உள்நாட்டு வருவாய்க்கு வரி செலுத்தினர். வெளிநாட்டு வருவாய்க்கோ, அதனை அந்நாட்டிற்குள் கொணர்ந்தாலன்றி வரி செலுத்தாதிருக்க இயன்றது. 2008 முதல், நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் இச்சலுகைக்கு ஆண்டுக்கு 30,000 பவுண்டு கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. இம்முறை 2025 ஏப்ரல் 6 முதல் நீக்கப்பட்டது. அது நடைமுறையில் இருந்த காலத்தில் சட்டம் இசைந்த சலுகையே ஆகும். வரி ஏய்ப்பு அன்று.

கன்சர்வேடிவ் கட்சிக்குப் பெரும்பொருள் வழங்கியவரும் அதன் துணைத் தலைவருமான ஆஷ்கிராஃப்ட் பிரபு, தாம் அத்தகைய நிலையினர் என்பதை 2010 மார்ச் 1 அன்று வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவைக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, நாட்டில் நிரந்தரமாக வாழ்வதாக உறுதி கூறியிருந்தார். 'நிரந்தர வாழ்வு' என்னும் அத்தொடர் பின்னர் அரசினரோடு நடந்த உரையாடலில் 'நெடுங்கால வாழ்வு' எனப் பொருள்கொள்ளப்பட்டதாக அவர் விளக்கினார். பத்தாண்டுப் பூசல் முழுவதும் ஒரு தொடரின் பொருளைச் சுற்றியே நிகழ்ந்தமை மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்கது. அவருடைய குழுமம் ஒன்றன்வழி வந்த கொடைகள் சட்டத்திற்கு உட்பட்டனவே என்று தேர்தல் ஆணையமும் அதே திங்களில் முடிவுரைத்தது.

தேர்தலுக்கு இரு திங்களே இருந்த வேளை அது. தொழிற் கட்சிச் சார்பினரும் கார்டியன், இண்டிபெண்டண்ட் முதலிய நாளிதழ்களும் இச்செய்தியைத் தொடர்ந்து முன்னிறுத்தின. தொழிற் கட்சிக்குப் பொருள் வழங்கிய சுவராஜ் பால் பிரபுவும் அதே வரிநிலையினரே. அக்கட்சிக்கு 2005இல் 20 இலட்சம் பவுண்டும் 2007இல் மேலும் 20 இலட்சம் பவுண்டும் வழங்கிய லட்சுமி மிட்டலும் அத்தகையரே என்று நாளிதழ்களில் வெளிவந்திருந்தது. ஆகவே, ஒருசார் கொடையாளரை மட்டும் உலகறியக் காட்டுவது நடுவுநிலையன்று எனக் கன்சர்வேடிவ் தரப்பினர் பி.பி.சி.யைக் குறை கூறினர்.

இக்குறையை எவ்வாறு மதிப்பிடுவது? வரிகளை எண்ணி, இன்னாருக்கு இத்தனை, இன்னாருக்கு இத்தனை எனப் பங்கிட்டுப் பார்ப்பது எளிது. ஆயினும் அது போதாது. இருவர் நிலையும் முற்றும் ஒன்றல்ல. ஆஷ்கிராஃப்ட் உறுதிமொழி தந்து பதவி பெற்றவர். பத்தாண்டுகள் தம் நிலையை வெளியிடாதிருந்தவர். தேர்தற் பணியை முன்னின்று நடத்தியவர். பால் பிரபுவின் நிலை முன்னரே வெளிப்படையாக இருந்தது. மிட்டல் சட்டமன்றத்தில் அமர்ந்தவரல்லர். எனவே உறுதிமொழியைப் பற்றிய செய்தியாயின் ஒருவர் பெயரே மிகுதியாக வருதல் முறையே. அதனைச் சார்பு எனல் பொருந்தாது.

வழு தோன்றும் இடம் வேறு. 'இந்நாட்டில் முழுவரி செலுத்தாதார் பொருளைக் கட்சிகள் பெறலாமா?' என்பது பொது வினா. இதற்கு முன் இரு கட்சிகளின் கொடையாளரும் ஒரே வரிசையில் நிற்பர். அங்கு ஒருவரை மட்டும் எடுத்து மொழிந்தால், மற்றைக் கட்சி தூயது என்னும் பொருள் சொல்லாமலே பிறக்கும். எழுதியது ஒவ்வொன்றும் மெய்யாக இருப்பினும், படிப்போன் நெஞ்சில் விளைவது பொய்யாகும். தேர்தற் களத்தில் கட்சிகள் இரு சேரிக் கோழிகள் போல எதிர்நிற்றலின், இப்பொருளைத் தடுத்தற்கு வழியில்லை. உறுதிமொழி பற்றிய தனி வினாவிலிருந்து கொடை பற்றிய பொது வினாவிற்குச் செய்தி நழுவியபோது, பெயர்ப்பட்டியலும் விரிந்திருத்தல் வேண்டும். அது விரியாமையே சார்பு. கன்சர்வேடிவ் கட்சியை ஆதரித்த இதழ்களும் இவ்வழுவிற்கு விலக்கல்ல. அவை எதிர்க்கட்சிக் கொடையாளரை எடுத்து, உறுதிமொழி வினாவை விடுத்தால் அதுவும் இதே வழு. அன்றியும், டெலிகிராஃப் இதழின் அந்நாளைய உரிமையாளராகிய பார்க்லே உடன்பிறந்தார் மொனாக்கோவிலும் கால்வாய்த் தீவுகளிலும் வாழ்ந்தவர். பிறர் வாழிடத்தைப் பேசும் இதழ், தன் உரிமையாளர் வாழிடத்தையும் ஒருங்கே சொல்லுதல் அறமாகும்.

இதனால் நேர்ந்த இழப்பு சொல்லளவில் நின்றதன்று. ஆண்டுக்கு 7,500 பவுண்டுக்கு மேல் கொடை வழங்குவோர், வரிநோக்கில் தாம் அந்நாட்டு வாழ்நரும் நிலைக்குடியினருமே என உறுதிகூற வேண்டும் என 2009ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. தேர்தலுக்கு முன் அப்பிரிவு நடைமுறைக்கு வரவில்லை. பின்வந்த கன்சர்வேடிவ் ஆட்சிகளும் அதனைச் செயற்படுத்தவில்லை. 2010இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டமோ பாராளுமன்ற உறுப்பினர் அனைவரையும் முழுவரிக்கு உட்படுத்தியது. அதனை ஏலாது ஐவர் பிரபுக்கள் அவையினின்று நீங்கினர். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அவருள் ஒருவர். ஆஷ்கிராஃப்டும் பாலும் அவையில் தொடர்ந்தனர். ஆக, சட்டமியற்றுவோர்க்கு விதி வந்தது. கொடையாளர்க்கு இயற்றிய விதி ஏட்டிலேயே நின்றது. யார் பெயர் பெரிது என்று வாதிடும் ஆரவாரத்தில், இரு கட்சிக்கும் ஒப்பமுடிந்த மௌனம் ஒன்று மறைந்துவிட்டது எனலாம்.

செய்தித்தாள் உரைநடையை ஆராய முற்படும் மாணவர்கள், எழுதப்பட்டது மெய்யா என்று வினவுவதோடு நிறைவுறுதல் ஆகாது. எவ்வினாவிற்கு விடையாக அது எழுதப்பட்டது, அவ்வினாவிற்குள் அடங்குவார் யாவர், அவருள் எடுக்கப்பட்டவர் எவர், விடுக்கப்பட்டவர் எவர் என முறையே காணல் வேண்டும். இவ்வாறு காணின், வேறுபாடு உள்ள இடத்தில் சமன் தேடும் குற்றமும், சமன் உள்ள இடத்தில் வேறுபாடு படைக்கும் குற்றமும் ஒருங்கே புலனாகும்.