ஒரே ஒரு ராத்திரிக்கு வருகிறீர்களா?

சென்னையில் வேலை பார்க்கும் சிநேகிதர் ஒருவர் சித்திரை பிறந்ததும் போன் செய்துவிடுவார். கேள்வி ஒன்றுதான். "ஒரு நாள்தான் லீவு கிடைக்கும். கூத்துல எந்த ராத்திரி நல்லா இருக்குமோ அதுக்கு மட்டும் வந்துடறேன்." நானும் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ராத்திரியைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட அவர் விடியும்வரை விழித்திருந்ததில்லை. தப்பு அவருடைய தூக்கத்திலா, நான் சொன்ன ராத்திரியிலா என்று யோசிக்கப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சி பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில்லிபுத்தூரார் பாரதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கியார் மத்தியானம் சொன்ன கதையை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடிக் காட்டும். ஊர்ப்பணத்தைப் பொறுத்து எட்டு ராத்திரி, பத்து ராத்திரி. வசதியான ஊராக இருந்தால் பதினெட்டு. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் வரிசையாகப் போட்டிருப்பார்கள்: பகாசூரன் வதம், வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். ஒவ்வொன்றும் விடிய விடிய ஓடும் தனி நாடகம். முன்கதைச் சுருக்கம் கிடையாது. கதை தெரியாத ஆள் ஊரில் இல்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்த தொடரில், பிடித்த பாகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள் என்பது என் முதல் யோசனை. துகில் கொட்டை எழுத்தில்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குத் துச்சாதன வேஷக்காரர் புடவையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். சில ஊர்களில் வேஷக்காரருக்கே அருள் வந்து, இரண்டு பேர் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருக்கும். அந்த ராத்திரியை ரசித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கர்ண மோட்சமும் பெரிய எழுத்துதான். போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கிற பேச்சில் பின்வரிசைப் பாட்டிமார் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். நல்ல கர்ணன் அமைந்துவிட்டால் மூன்று மணிக்கும் ஒரு தலை சாயாது. அதுதான் என் ராத்திரி என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்கமாட்டேன். பாதிப் பேர் கூத்துக் களரியில் 1964-ல் வந்த 'கர்ணன்' படத்துச் சிவாஜியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம், அவ்வளவுதான்.

சிநேகிதர் ஒரு வருஷம் கடைசி ராத்திரிக்கு வந்தார். மறுநாள் காலை படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிய துரியோதனன், அவன் தொடையில் பீமன் அடிக்கும் அடி, அம்மனுக்குக் கூந்தல் முடிப்பு, சாயங்காலம் தீமிதி. கூட்டத்தில் அவர் பார்த்தது முன்னால் நின்றவருடைய செல்போனைத்தான். முடிவு எப்போதும் ஊர்ச் சொத்து. அதில் தனி ஆளுக்கு இடம் குறைவு.

இன்னொரு வருஷம் கூவாகம் வந்தார். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது எங்கள் பங்குக்கு வந்த பெரிய சொத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூத்தாண்டவர் கோயில். நோட்டீஸில் ஒரு வரியாக இருக்கிற அரவான் களப்பலிக்கு அங்கே பதினெட்டு நாள் திருவிழாவே நடக்கிறது. களப்பலிக்கு முன்னால் ஒரு ராத்திரியாவது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அரவான் கேட்க, கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டிய கதை. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி ஆயிரக்கணக்கான திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அழுகளத்தில் அதை அறுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டும் கும்மியும் கேலியும், விடிந்தால் ஒப்பாரி. சிநேகிதர் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் விழித்திருந்தார். காலையில் பஸ் ஏறும்வரை பேசவே இல்லை.

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. அக்கா பையன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது லேப்டாப்பில் ஒரு கடற்கொள்ளையர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். பெயர் 'டேல்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்'. டெல்டேல் என்ற அமெரிக்க கம்பெனி 2009 ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடித்த ஐந்து பாகத் தொடர். இதற்கு மூத்த விளையாட்டு 1990-ல் வந்ததாம். கைப்ரஷ் த்ரீப்வுட் என்று ஒரு சோப்ளாங்கிக் கதாநாயகன். பெரிய கொள்ளைக்காரனாக வேண்டும் என்று ஆசை, சாமர்த்தியம் எல்லாம் வாயில்தான். அந்த 1990 விளையாட்டில் கத்திச் சண்டையை ஜெயிப்பது கத்தியால் இல்லையாம். எதிராளி ஒரு வசவு விட்டால் அதற்குப் பொருத்தமான எதிர் வசவு விட வேண்டும். பதில் தெரியாவிட்டால் தோல்வி. ஆனால் தோற்ற சண்டையில் கேட்ட வசவை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் எடுத்து விடலாம்.

"இது தர்க்கம்டா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கூத்தில் கிரீடமும் புஜகட்டையும் கட்டிய இரண்டு கட்டை வேஷம் எதிரெதிரே நின்றால் வில்லை எடுப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் வாய்ச் சண்டைதான் நடக்கும். பிறப்பை இழுப்பான் ஒருத்தன், பழைய தோல்வியை இழுப்பான் இன்னொருத்தன். விருத்தம், தரு, வசனம் என்று ஏறிக்கொண்டே போகும். இளம் ஆட்டக்காரர்கள் வாத்தியாரிடம் தர்க்கத்தில் மாட்டி வாயடைத்து நின்று, அந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ஊரில் இன்னொருவரிடம் வீசுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பையனுக்குப் பிடித்தது நாலாம் பாகம். கதாநாயகனைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். பழைய கப்பல் விற்றுக்கொண்டிருந்த ஸ்டான் என்கிற வாயாடி அங்கே வாதி வக்கீல். வயிறு வலிக்கச் சிரிக்கவைத்துவிட்டு, திருந்தியவன் போல வேஷம் போட்ட வில்லன் லெச்சக் கையாலேயே கடைசியில் கதாநாயகனைக் கொன்றுவிடுகிறார்கள். ஐந்தாம் பாகம் செத்தவர் உலகில் தொடங்குகிறது. நல்ல தேர்வுதான். ஆனால் கூட உட்கார்ந்து பார்த்த எனக்குப் பிடித்தது மூன்றாவது. அதில் கப்பலோடு எல்லாரையும் ஒரு ராட்சசக் கடல்பசு விழுங்கிவிடுகிறது. (நம் பாக் நீரிணையில் மேயும் கடல்பசுவுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்.) வயிற்றுக்குள்ளே ஏற்கெனவே மாட்டிக்கொண்ட மாலுமிகள் ஒரு சங்கம் வைத்து நடத்துகிறார்கள், செத்து எலும்பாகிவிட்ட ஒருத்தரும் அதில் உறுப்பினர். முகத்தைக் கோணிக் காட்டும் போட்டி வேறு. "மாமா, அதுல கதையே நகராதே" என்றான் பையன். அந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

கதை நகராத ராத்திரிக்குப் போங்கள். முதல் ராத்திரிகளில் ஆளை அறிமுகப்படுத்தும் வேலை இருக்கும், கடைசி ராத்திரிகளில் கணக்கை முடிக்கும் அவசரம் இருக்கும். நடுவில், கதை எங்கேயும் போகாமல் நிற்கிற இடத்தில்தான் ஆட்டக்காரனுக்குக் கை காலை நீட்ட இடம் கிடைக்கிறது. பாரதத்தில் அப்படி நிற்கிற இடம் விராட பர்வம். வனவாசம் முடிந்தது, போர் வரவில்லை. ஒரு வருஷம் யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வேண்டும். தர்மன் சூதாடத் துணையாள், பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் ஆணும் பெண்ணுமில்லாத நாட்டிய வாத்தியார், நகுல சகாதேவர்கள் குதிரையும் மாடும் மேய்க்க, பாஞ்சாலி ராணிக்குச் சடை பின்னுகிறாள். யோசித்துப் பாருங்கள்: வேஷக்காரர் ராஜா வேஷம் போட்டு, அந்த ராஜா சமையல்காரன் வேஷம் போடுகிறார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு இதைவிட வேறு தீனி வேண்டாம்.

கச்சிராயபாளையத்துக்கு அருகே ஒரு ஊரில் பார்த்த, பாஞ்சாலிமேல் கண்வைத்தவனை அவள் வேஷத்தில் பீமன் கொல்லும் கீசகன் வதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பீமன் கிரீடத்தையும் புஜகட்டையையும் கழற்றி வைத்துவிட்டு, ஆட்டப் பாவாடைக்கு மேலேயே ஒரு நைலக்ஸ் புடவையைச் சுற்றிக்கொண்டார். மீசை அப்படியே இருந்தது. அவருக்குப் பெண் நடை சொல்லிக்கொடுக்கிற பொறுப்பைக் கட்டியங்காரன் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் களரியைச் சுற்றவிட்டார். "இடுப்பை ஆட்டச் சொன்னா அம்மிக்கல்லை நகர்த்துற மாதிரி ஆட்டறியே!" நடுவில் ஒருத்தர் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு நீட்ட, புடவைக்காரியே அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு போகஸ் லைட்டை அணைத்தார்கள். மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு கீசகன் இருட்டில் தடவித் தடவி வந்தான். கை தட்டுப்பட்டது. "ரொம்ப வேலை செஞ்ச கையா இருக்கே" என்றான். முன்வரிசைப் பிள்ளைகள் புரண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மத்தளம் மாறிவிட்டது. முகவீணை அறுந்தாற்போல நின்றது. புழுதி கிளம்ப இரண்டு ஆட்டக்காரர்களும் விழுந்து புரண்டார்கள். லைட் வந்தபோது கீசகன் கிடந்தான், பீமனின் புடவை பாதி கிழிந்திருந்தது. திரௌபதி வேஷக்காரர் மட்டும் ஒரு ஓரமாக நின்று, கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை, பாடவும் இல்லை. பிள்ளைகள் சத்தமே காணோம்.

இந்த ராத்திரிக்கு வேறொரு மதிப்பும் உண்டு. விராட பர்வம் படித்தால் மழை வரும் என்பது பழைய நம்பிக்கை. கோமுகி அணை வறண்டு கிடக்கிற வருஷத்தில், பத்து ராத்திரிக்குப் பணம் சேராத ஊர்கூட இந்த ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லி ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிடும்.

சரி, வந்தால் எப்படிப் பார்ப்பது? மத்தியானம் தூங்கிவிடுங்கள், பாதி ரசனை அதிலிருக்கிறது. எட்டு மணிக்கே வந்து, அரிதாரம் பூசுகிற இடத்துக்கு ஓரமாக உட்காருங்கள். கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு விவசாயி கொஞ்சம் கொஞ்சமாகத் துரியோதனனாகச் சிவப்பதைப் பார்ப்பதற்குத் தனி டிக்கெட் வைக்கலாம். பிளாஷ் போடாதீர்கள். களரியில் வாத்தியக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் ஆட்டம் தெரியும், பின்பாட்டுக்காரரின் கண் ஜாடை தெரியாது. திரையை இரண்டு பேர் பிடிக்க, பின்னால் நின்று வேஷம் தன்னைப் பற்றித் தானே, யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வது போலப் பாடும். அப்போது கதையை மறந்துவிட்டுக் காலைக் கவனியுங்கள். திரைக்குக் கீழே தெரிகிற சலங்கைக் கால் சொல்லிவிடும், இன்றைக்கு ஆட்டம் தேறுமா என்று.

ஒரு மணிக்குமேல் தொய்வு வரும். டீ குடிக்க எழுந்திருக்கிற நேரம் அதுதான், ஆனால் நான் எழுந்திருக்க மாட்டேன். வாத்தியார் அசந்திருப்பார், கட்டியங்காரன் தனியாக மாட்டிக்கொண்டு ஊர்க் கதை, ரேஷன் கடை, பஸ் வராதது என்று எதையாவது இழுத்து ஓட்டுவார். பிடித்த ராத்திரியைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரைகல் அந்த ஒரு மணி நேரம்தான். 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி போன்றவர்களால் கூத்துக்கு நகரத்து மேடையும் மரியாதையும் கிடைத்தன, நல்ல காரியம். ஆனால் சபா மேடையின் ஒரு மணி நேரக் கூத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தொய்வுதான். கறியை வைத்துக்கொண்டு எலும்பை எறிந்த மாதிரி.

கறி என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். எல்லாருக்கும் விராட பர்வம் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை எனக்குக் காட்டியவர். வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், மலையாளிப் பழங்குடிப் பெரியவர். கல்வராயன் மலையிலிருந்து புளி மூட்டையோடு இறங்கியவர், கூத்து நடக்கிறது என்று கேள்விப்பட்டு அர்ச்சுனன் தபசுக்குத் தங்கிவிட்டார். பனை உயரத் தபசு மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, குழந்தை வரம் கேட்டு ஈரப்புடவையோடு பெண்கள் கீழே மடியேந்தி நின்றார்கள். பெரியவர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்.

பன்றி வந்ததும்தான் எழுந்து உட்கார்ந்தார். வேடனாக வந்த சிவன் ஒரு அம்பு, அர்ச்சுனன் ஒரு அம்பு. பன்றி யாருடையது? தர்க்கம் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் அது பாசுபதாஸ்திரத்துக்குப் போகிற வழி. அவருக்கு அது வழக்கு. யார் முதலில் எய்தது, அம்பு முன்னால் பாய்ந்ததா பின்னால் பாய்ந்ததா, துரத்தி வந்த நாய் யாருடையது என்று ஒவ்வொரு பேச்சுக்கும் தலையாட்டியும் உதடு பிதுக்கியும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். அர்ச்சுனன் தன் குலப் பெருமையை எடுத்தபோது, "குலத்தைக் கேட்டாங்களா? அம்பைக் காட்டச் சொல்லு" என்றார் சத்தமாகவே. கட்டியங்காரன் அதைப் பிடித்துக்கொண்டு அர்ச்சுனனிடம் திரும்பவும் கேட்டார்.

வில்லை எடுப்பதற்குள் விடிந்துவிட்டது. மலைக்கு முதல் பஸ் போய்விடும் என்று காலிச் சாக்கை மடித்துக்கொண்டு பெரியவர் கிளம்பிவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து வெள்ளிமலைச் சந்தையில் தற்செயலாகப் பார்த்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு, நலம்கூட விசாரிக்காமல் கேட்டார்:

"தம்பி, அந்தப் பன்னிக் கறி கடைசில யாருக்குப் போச்சு?"

எத்தனையோ தபசு பார்த்திருக்கிறேன். சிவன் தன்னைக் காட்டிக்கொண்டதும் எல்லாரும் கும்பிடுகிறார்கள், மங்களம் பாடுகிறார்கள். பன்றியைப் பற்றி அப்புறம் ஒருத்தரும் பேசுவதே இல்லை.