மண்வாசனை எந்தத் தெருவில்?

கிராமத்தில்தான் வாழ்வு வேரோடு இருக்கிறது என எழுதுகிறவர்கள் எந்தத் தெருவில் நின்று எழுதுகிறார்கள்? 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், வரைவுச் சட்டம் கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். ஏன்னு 1997 மேலவளவு சொல்லும். ஊராட்சித் தலைவரான தலித் முருகேசனையும் உடன்வந்தவர்களையும் வெட்டிக் கொன்றது வெளியாள் இல்ல; அந்த வட்டாரத்து ஆதிக்கச் சாதியினர்.

அதுக்காக நமக்கு வேர் இல்லையா? பாமாவின் 'கருக்கு' (1992) சேரியின் பேச்சை, விளையாட்டை, உழைப்பை இலக்கியமாக்கியது. அந்த ஒட்டுறவு நம்முடையது, ஊர்க்கட்டுப்பாடு நம்முடையதல்ல. ரெண்டையும் 'மரபு' என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டாதீங்க. ஊரைப் பாடும் எழுத்தாளர்களே, பொதுக்கிணறும் தலைவர் நாற்காலியும் சுடுகாட்டுப் பாதையும் யாருக்கு என்பதை முதலில் எழுதுங்க. பிறகு வாசிக்கிறோம்.