மனைக்கிழத்தியின் முனகல்: மார்ஜ் சிம்ப்சன் என்னும் பாத்திரம் பற்றி

தமிழில் மணமான பெண்ணைக் குறிக்கும் சொற்களிற் பல வீட்டிலிருந்தே பிறந்தவை. மனைவி, மனையாள், இல்லாள், மனைக்கிழத்தி என்பவற்றை எடுத்துநோக்கின் இது புலனாகும். இவற்றுள் கிழத்தி என்னும் சொல் தனிக் கவனத்துக்குரியது. கிழமை என்பது உரிமை. எனவே மனைக்கிழத்தி என்பவள் மனைக்கு உரியவள் எனலாம். மனையை உரிமையாக உடையவள் எனவும் கொள்ளலாம். இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று. வீட்டுக்கு அவள் உரியவளா, வீடு அவளுக்கு உரியதா என்னும் வினாவுக்குச் சொல் விடை தருவதில்லை. சமூகமே விடை தருகிறது. (இல்லாள் என்பதற்கு நேரான ஆண்பாற் சொல்லைத் தேடினால் இல்லான் என்பதே அகப்படும், அதன் பொருளோ வறியவன். மொழி தானறியாமலே நகைச்சுவை செய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று.)

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் ஒரு பாத்திரம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் கேலிச்சித்திரத் தொடரொன்றிலே உண்டு. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் தொடரின் தாய், மார்ஜ் சிம்ப்சன். 1987 ஏப்ரலில் வேறொரு நிகழ்ச்சியின் இடையே காட்டப்பட்ட குறுஞ்சித்திரங்களில் தோன்றிய இக்குடும்பம், 1989 டிசம்பர் 17 முதல் தனித்தொடராக வளர்ந்து 35 ஆண்டுகளுக்கு மேலாக நீடித்து வருகின்றது. இதனை உருவாக்கிய மாட் குரோனிங், பாத்திரங்களுக்குத் தம் வீட்டாரின் பெயர்களையே இட்டார். மார்ஜ் என்பது மார்கரெட் என்னும் அவருடைய தாயின் பெயரிலிருந்து வந்தது. நீலநிறக் கூந்தற் கோபுரம், சிவந்த மணிமாலை, பச்சைச் சட்டை என்று ஒரு சில கோடுகளில் அடங்கிவிடும் இவ்வுருவத்தைத் திறனாய்வுக்குரிய பாத்திரமாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழக்கூடும். நாவலில் வரும் தாயைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதும் திறனாய்வு, உலகின் பல கோடி வீடுகளிலே வாரந்தோறும் புகுந்த ஒரு தாயைச் சித்திரம் என்பதற்காகவே புறக்கணிப்பது பொருந்தாது.

இவ்வகைத் தொடர்களில் மார்ஜ் முதலாமவள் அல்லள். 1960 இல் தொடங்கிய ‘தி பிளின்ஸ்டோன்ஸ்’ தொடரில் வில்மா என்னும் இல்லத்தரசி வருகிறாள். கற்காலம் என்று சொல்லப்பட்டாலும் அவளது சமையலறை அக்கால அமெரிக்க நடுத்தர வகுப்பாரின் சமையலறையே. வில்மாவின் கோபம் கணவனை ஓடவைப்பதற்கான ஒரு வேடிக்கை. சிரிப்பு முடிந்ததும் கோபமும் தீர்ந்துவிடும். மார்ஜின் கோபம் தீர்வதில்லை. அது தொண்டையில் தங்கிவிடுகிறது. ஜூலி கவ்னர் என்னும் நடிகை தம் கரகரத்த குரலால் இப்பாத்திரத்துக்கு வழங்கிய மிகப் பெரிய கொடை ஒரு சொல்லன்று, ஒரு முனகல். கணவன் ஹோமர் வீட்டுப் பணத்தைப் பாழாக்கும்போதும், மகன் பார்ட் பள்ளியிலிருந்து புகார் கொண்டுவரும்போதும் வாயைத் திறவாமலே அவள் எழுப்பும் அந்த நீண்ட முனகல், எதிர்ப்புக்கும் இணக்கத்துக்கும் இடைப்பட்டது. சொல்லாக மாறினால் குடும்பம் குலையும். அடங்கிவிட்டால் அவளே குலைவாள். இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் அத்தொடரின் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது.

தொடரின் முகப்புக் காட்சியே பொருள் பொதிந்தது. கணவன் வேலைத்தலத்திலிருந்தும் பிள்ளைகள் பள்ளியிலிருந்தும் வீடு நோக்கி விரைகின்றனர். மார்ஜ் அங்காடியில் பொருள் வாங்குகிறாள். காசாளர் பொருள்களுடன் கைக்குழந்தை மாகியையும் சேர்த்துப் பொறியிற் காட்டிவிட, விலைத்திரையில் 847.63 டொலர் எனத் தோன்றுகிறது. அது அக்காலத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தையை ஒரு மாதம் வளர்ப்பதற்கான செலவு எனச் சொல்லப்பட்டது. குழந்தைக்கு விலை குறிக்கத் தெரிந்த அப்பொறிக்குத் தாயின் உழைப்புக்கு விலை குறிக்கத் தெரியவில்லை. ஒரு கணத்தில் கடந்துபோகும் இந்த நகைச்சுவையில் தொடரின் பார்வையும் அப்பார்வையின் எல்லையும் ஒருங்கே அடங்கியுள்ளன.

இனி அவ்வீட்டை நோக்கலாம். அது எவ்வாறு அவர்களுடையதாயிற்று என்பதை 1992 டிசம்பரில் ஒளிபரப்பான ‘லீசாவின் முதற்சொல்’ என்னும் அத்தியாயம் கூறுகிறது. இரண்டாம் பிள்ளைக்கு இடம் போதாமையால் புதுவீடு தேடுகின்றனர். பணமில்லை. ஹோமரின் தந்தை தம் வீட்டை விற்றுப் பணம் கொடுக்கிறார். நன்றியுடன் அவரையும் தங்களுடன் தங்க அழைத்த மகன், மூன்று வாரங்களில் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறான். சிரிப்பு அங்கே கிழவரின் நிலைமீது விழுகிறது. வீடு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது என்பதோ சிரிப்புக்கும் உரியதாகாமல் இயல்பெனக் கடந்துபோகிறது. நாள் முழுதும் அவ்வீட்டைத் துடைப்பவளுக்கு அதன்மேல் உள்ள உரிமை என்ன என்று தொடர் கேட்பதில்லை. ஒரு மாதம் முன்னர் வந்த வேறோர் அத்தியாயத்தில் வீட்டின் அத்திவாரம் அமிழ்கிறது. பழுதுபார்க்கும் செலவுக்காக மார்ஜ் கணவன் பணிபுரியும் அணுமின் நிலையத்திலேயே வேலைக்குச் சேர்கிறாள். அவள் மணமானவள் என்றறிந்த முதலாளி அவளை நீக்கிவிடுகிறார். அத்திவாரத்துக்கு அவள் ஊதியம் வேண்டும். ஆனால் வீட்டின் வரலாறு மாமனார் பெயரில் தொடங்குகிறது. 1990 மார்ச்சில் வந்த அத்தியாயத்திலே அவளது பிறந்தநாளுக்கு ஹோமர் ஒரு பந்துவீச்சுக் குண்டைப் பரிசளிக்கிறான். அதிற் பொறிக்கப்பட்டிருப்பது அவன் பெயர். உரிமை பற்றி இத்தொடர் சொன்னவற்றுள் மிகக் கூர்மையானது அக்குண்டே எனலாம்.

அம்பாறைக் கரையோரத்திலிருந்து இத்தொடரை நோக்கும் ஒருவருக்கு இவ்விடத்தில் ஒரு திகைப்பு உண்டாவது இயல்பு. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த பாலமுனையிலும், வடக்கே கல்முனை வரையும் தெற்கே அக்கரைப்பற்று வரையும் பரந்துள்ள முஸ்லிம் ஊர்களிலும் வீடு பெண்ணுக்கே உரியது. குடி என்னும் வழிமுறை தாயைத் தொடர்கிறது. மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கப்படுகின்றன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் இளைய மகளுக்கென இன்னொரு வீட்டை எழுப்புகின்றனர். அயலிலுள்ள தமிழ் இந்துக்களிடமும் இம்முறை உண்டென்பதும், மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை நடுவாகக் கொண்டு இதனை நீண்டகாலம் ஆராய்ந்தார் என்பதும் அறிஞர் அறிந்தவை. ஹோமர் இவ்வூரில் மணம் முடித்திருப்பின், மார்ஜின் தாய் கட்டிய வீட்டிலே மருமகனாக இருந்திருப்பான். அவனைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் மைத்துனிமார் இருவரும் அடுத்த வளவில் இருந்திருப்பர். சிம்ப்சன் கதைகளில் பாதி அப்போது வேறுவிதமாக முடிந்திருக்கும்.

எனினும் இவ்வேறுபாட்டைக் கொண்டு பெருமை பேச முற்படுவோர் சற்றுத் தயங்கவேண்டும். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் நிகழ்ந்ததை எண்ணிப்பார்க்கலாம். கடலோரத்தில் மீளக்கட்டத் தடை விதிக்கப்பட, தாய்வழி வந்த வளவுகளை இழந்த குடும்பங்கள் புதிய காணிகளுக்குப் பெயர்ந்தன. உதவிப் படிவங்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டன. தலைவர் என்றால் ஆண் என்னும் கருத்து எழுதப்படாமலே செயற்பட்டது. பெண் பெயரில் இருந்த நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வீடுகள் பல கணவன் பெயரிற் பதியப்பட்டன. கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் இதனை அக்காலத்திலேயே சுட்டிக்காட்டின. தலைமுறை தலைமுறையாக வந்த கிழமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் மாறிவிடக்கூடியது. ஸ்பிரிங்பீல்ட் என்னும் கற்பனை நகரம் இக்கரைக்கு அத்துணைத் தொலைவில் இல்லை.

வீடு யாருடையது என்பது ஒரு வினா. வீட்டில் உழைப்பது யார் என்பது இன்னொன்று. முன்னதற்குப் பாலமுனை சொல்லும் விடை வேறு. பின்னதற்கு இரண்டும் ஒரே விடையையே சொல்கின்றன. உறுதி தன் பெயரில் இருப்பதால் எந்தப் பெண்ணுக்கும் குசினியில் அரைநாள் குறைந்ததில்லை. இதனாற்றான் 1992 பெப்ரவரியில் வந்த ‘ஹோமர் தனியே’ என்னும் அத்தியாயம் இங்குள்ள வாசகருக்கும் உரியதாகிறது.

அதன் கதை எளிது. காலையிலிருந்தே எல்லோருடைய வேலைகளும் மார்ஜின் தலையில் ஏறுகின்றன. வீதியில் பிற வாகன ஓட்டுநரின் சீண்டல், குழந்தையின் போத்தலிலிருந்து சிந்தும் பால் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, பாலத்தின் நடுவே அவள் காரைக் குறுக்காக நிறுத்திவிடுகிறாள். இருபுறமும் போக்குவரத்து நின்றுபோகிறது. இக்காட்சியில் கருதத்தக்கது அவளது கோபமன்று. அவள் செய்த செயலின் தன்மை. அவள் எதையும் உடைக்கவில்லை, எவரையும் தாக்கவில்லை. நின்றாள், அவ்வளவே. அவள் நின்றதும் நகரமே நின்றது. இல்லத்தரசியின் வேலைநிறுத்தம் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான படிமத்தை வெகுசனக் கலையிற் காண்பதரிது. தொழிலாளி கருவியைக் கீழே வைத்தால் அது வேலைநிறுத்தம் என அறியப்படும். தாய் அவ்வாறு செய்தால் நரம்புத்தளர்ச்சி எனப்படும். அத்தியாயமும் அவ்வாறே செய்கிறது: அவளைக் கைது செய்கிறது, பெண்களின் வாக்குகளை எண்ணி நகரத் தலைவர் விடுவிக்கிறார், பின்னர் ஓய்வு விடுதிக்குச் செல்கிறாள். உழைப்பின் பிரச்சினை ஓய்வின் பிரச்சினையாகச் சுருங்குகிறது. திரும்பிவந்த இரவில் எல்லோரும் ஒரே கட்டிலில் அவளை நெருக்கிக்கொண்டு கிடக்க, இனித் தனக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்கிறாள்.

இங்கே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இக்கரையின் வீடுகள் பலவற்றின் சுவர்கள், மத்தியகிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றோரின் ஊதியத்தில் எழுந்தவை. மகளுக்கு வீடு வேண்டும். அதற்காகத் தாய் அயல்நாட்டில் வேறொருத்தியின் வீட்டைத் துடைக்கிறாள். அங்கே அவ்வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு. ஊர் திரும்பி அதே வேலையைத் தன் வீட்டிற் செய்யும்போது அது வேலையெனவே எண்ணப்படுவதில்லை. அங்காடிப் பொறி காட்டத் தவறிய விலையை அறிந்த பெண்கள் இவர்கள்.

மறு வாரமும் முகப்புக் காட்சியில் மார்ஜ் அதே அங்காடியில் நிற்கிறாள். இத்தொடரின் மிகப் பெரிய குறை இதுவே. நகைச்சுவைத் தொடரின் வடிவமே அத்தகையது என்று சமாதானம் கூறப்படுவதுண்டு: பாத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை, அத்தியாயத்தின் முடிவில் யாவும் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். உண்மைதான். ஆயினும் அம்மீட்சியின் செலவை எல்லோரும் சமமாகச் செலுத்துவதில்லை. ஹோமர் பழைய நிலைக்குத் திரும்பும்போது அவனுக்குக் கிடைப்பது மன்னிப்பு. மார்ஜ் திரும்பும்போது அவளுக்குக் கிடைப்பது அடுக்களை. 1995 இல் காவலராகவும், 1997 இல் வீட்டுத் தரகராகவும் அவள் வீட்டைவிட்டு வெளியேறினாள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடங்களுக்குள் திரும்பிவிட்டாள். வடிவத்தின் விதி என்பது யார்மீது செயற்படுகிறது என்று கேட்பது திறனாய்வாளரின் கடமை.

ஆயின் மார்ஜ் வெறும் பொறுமையின் சின்னமே என்று முடிவுகட்டுவதும் தவறு. அதற்கு மறுப்பு 1990 பெப்ரவரியிலேயே, தொடரின் முதல் ஆண்டில் வந்த ‘முனகும் லீசா’ என்னும் அத்தியாயத்தில் இருக்கிறது. எட்டு வயது மகள் லீசாவுக்குக் காரணம் சொல்லவியலாத துயரம். மார்ஜ் தன் சிறுவயதை நினைக்கிறாள்: பள்ளிக்குப் போகுமுன் சிரித்த முகத்துடன் இருக்கவேண்டும், அப்போதுதான் தாயை ஊர் மெச்சும் என்று தன் தாய் கற்பித்ததை. அதே பாடத்தை மறுநாட் காலை மகளுக்கு ஒப்புவிக்கிறாள். உள்ளதையெல்லாம் அடக்கி, காலுக்குக் கீழே தள்ளி, சிரிக்கச் சொல்கிறாள். பாலமுனையில் தாயிடமிருந்து மகளுக்கு வீடு செல்கிறது. ஸ்பிரிங்பீல்டில் சென்றது இப்புன்னகை. இங்கும் வீட்டுடன் சேர்ந்து வேறென்ன செல்கிறது என்பதை எந்த உறுதியும் எழுதிவைப்பதில்லை.

லீசா கீழ்ப்படிகிறாள். சிரிக்கிறாள். உடனே ஒரு சிறுவன் தன் வீட்டுப்பாடத்தை அவள் தலையிற் கட்டுகிறான், அதற்கும் சிரிக்கிறாள். இசை ஆசிரியர், இன்றைக்கும் கற்பனை எதையும் வெளிக்காட்டாதே என்கிறார், அதற்கும் சிரிக்கிறாள். வாயிலில் காரில் இருந்தபடி இதனைப் பார்த்த மார்ஜ், தன் முகத்தை மகளின் முகத்தில் காண்கிறாள். காரைத் திருப்புகிறாள், சக்கரங்கள் கிறீச்சிட வந்து மகளை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். தான் சொன்னது தவறென்றும், துயரமாயிருந்தால் துயரமாகவே இருக்கலாம், அது தீரும்வரை தாமும் உடனிருப்போம் என்றும் சொல்கிறாள். முனகலன்று, முழு வாக்கியங்கள். அதன் பின்னரே லீசா, எவரும் கேளாமலே, சிரிக்கிறாள்.