கண்ணீரா, கேள்வியா?

தமிழ்நாட்டு அரசின் பாடநூல் எதை எடுத்தாலும் அதன் முன்பக்கங்களில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். தீண்டாமை பாவம் என்றும், குற்றம் என்றும், மனிதத் தன்மைக்கு மாறானது என்றும் அது கூறும். முதல் வகுப்பிலே சேரும் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் வரையில், அந்த வாசகத்தைப் பையிலே சுமந்து பள்ளிக்கு வருகிறது. சுமக்கிறதே தவிர, படிப்பதில்லை. அதிலிருந்து தேர்வில் வினா வருவதில்லை. அதை விளக்கப் பாடவேளையும் இல்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதை அறிவோம்.

அந்த வாசகத்தைச் சுமந்து வளர்ந்தவர்கள் வாழும் மாவட்டத்திலேதான், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியிலே, தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஒடுக்கப்பட்ட இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதம் கோட்டாட்சியர் அக்கோயிலுக்கு முத்திரை வைத்தார். பிறகு வழக்கு நடந்தது. 2025ஆம் ஆண்டிலே, காவலர் புடைசூழ, அம்மக்கள் உள்ளே சென்றனர். அச்சிட்ட எழுத்து 12 ஆண்டுகளில் செய்யாததை, நீதிமன்ற ஆணையும் காவல்படையும் செய்ய வேண்டியிருந்தது.

கோயிலுக்குள் கடவுள் இருக்கிறாரா என்பது வேறு வழக்கு. அந்த வழக்கிலே நமது தீர்ப்பு என்ன என்பதை இந்த ஏட்டின் வாசகர்கள் அறிவார்கள். வாசலிலே மனிதனை மனிதன் நிறுத்தலாமா என்பதே இங்குள்ள வழக்கு. 1924இல் வைக்கத்திற்குச் சென்று சிறைப்பட்ட பெரியார், கும்பிடச் செல்லவில்லை. கோயிலைச் சுற்றிய தெருவிலே மனிதன் நடக்கும் உரிமைக்காகச் சென்றார். அந்த வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு மேல்பாதி நமது வழக்கா, பிறர் வழக்கா என்ற ஐயம் எழாது.

மனித உரிமையை மக்களுக்கு ஏட்டாலும் கலையாலும் கற்பிக்க வேண்டும் என்று எங்கும் பேசப்படுகிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் அவை 30 உறுப்புகள் கொண்ட உரிமைப் பேரறிக்கையை ஏற்றது. 1995 முதல் 2004 வரையிலான பத்தாண்டை மனித உரிமைக் கல்விக்கென்றே அந்த அவை ஒதுக்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம், 1997 முதல் தமிழகப் பள்ளிகள் சிலவற்றில் அக்கல்வியைப் பாடமாகவே புகுத்திப் பார்த்தது. நல்ல முயற்சிகளே. ஆனால், எந்தக் கலை உரிமையைக் கற்பிக்கிறது, எந்தக் கலை இரக்கத்தை மட்டும் கற்பிக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல், கலை என்றால் நன்மை, நூல் என்றால் நன்மை என்று கைதட்டிக் கொண்டிருப்பது பகுத்தறிவாளர் செயலாகாது. ஆகவே நம் வட்டாரத்திற்கு நெருக்கமான மூன்று படைப்புகளை எடுத்து எடை போட்டுப் பார்ப்போம்: ஒரு கூத்து, ஒரு திரைப்படம், ஒரு நாவல்.

முதலிலே கூத்து. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாவென்றால் பகலிலே பாரதச் சொற்பொழிவு, இரவிலே தெருக்கூத்து. துகிலுரிதல் இரவன்று கூட்டம் மிகும். அவைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி ஒரு கேள்வி கேட்கிறாள்: தன்னையே தோற்று அடிமையாகிவிட்ட ஒருவனுக்கு, என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை இருந்தது? எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பெண்ணை உடைமையாகக் கருதிய ஓர் அவையின் நடுவே நின்று, ஒரு பெண் உரிமை என்னும் பொருளை எழுப்புகிறாள். வீட்டுமன் திணறுகிறான். துரோணன் தலை கவிழ்கிறான். விடை வரவில்லை.

விடைக்குப் பதிலாக என்ன வந்தது? சேலை வந்தது! கண்ணன் அருளால் வளர்ந்துகொண்டே போன சேலை. கூட்டம் கன்னத்தில் போட்டுக் கொள்கிறது, கற்பூரம் எரிகிறது, கேள்வி அந்தப் புகையோடு போய்விடுகிறது. அவை அவளுக்கு நீதி வழங்கவில்லை. வெளியிலிருந்து ஒருவன் அருள் வழங்கினான். உரிமை கேட்டவளை அருள் பெற்றவளாக மாற்றிய பிறகு, அவளைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டுவது எளிதாயிற்று. அதனாலேதான், அவையிலே நீதி கேட்ட ஒருத்தியின் பெயரால் எழுந்த கோயிலின் வாசலிலேயே நீதி மறுக்க மேல்பாதியில் சிலருக்குக் கூசவில்லை. இரவெல்லாம் கூத்துப் பார்த்தும் கேள்வி காதிலே ஏறவில்லை என்றால், குறை மக்களிடம் மட்டுமா? கேள்வியை மூடிய கதையிடமும் உண்டு.

இப்படிச் சொல்வதால் கூத்தை ஒதுக்கச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். கூத்திலே கட்டியக்காரன் என்றொருவன் இருக்கிறான். அரசன் வரும்போது கட்டியம் கூறுபவன் அவனே. அடுத்த நொடியிலே அரசனைக் கிண்டல் செய்பவனும் அவனே. கதைக்குள்ளும் நிற்பான், கதையை விட்டு வெளியே வந்து, எதிரே அமர்ந்திருக்கும் ஊராரிடமும் பேசுவான். அவன் வாயிலே அந்தக் கேள்வியை மறுபடி வைத்தால் போதும். “அம்மா கேட்டதற்கு அவையிலே பதில் வரவில்லையே, உங்கள் ஊர் அவையிலாவது வருமா?” என்று அவன் ஒரு முறை கேட்கட்டும். அன்று கூத்து, உரிமைப் பள்ளியாகும். கலைஞனின் வாய்க்கு அவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை நம்மைவிட ஆட்சியாளர் நன்கறிந்திருந்தனர். இல்லாவிடில், எம்.ஆர். இராதாவின் நாடகங்கள் ஊர் ஊராய் நடந்த காலத்தில், 1954இல், நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் எதற்கு?

அடுத்தது திரைப்படம். 2021 நவம்பரில், திரையரங்குகளுக்கு வராமல் இணையத் தளத்தின் வழியே வெளியானது த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’. 1993இல், அன்றைய தென்னார்க்காட்டின் முதனை என்னும் ஊரைச் சேர்ந்த இராசாக்கண்ணு காவல்துறையின் பிடியிலே மாண்ட வழக்கே அதற்கு மூலம். அவ்வழக்கை நடத்தியவர், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான சந்துரு. மாண்டவர் குறவர் சமூகத்தவர். படமோ அவரை இருளராக்கிக் காட்டியது. ஒடுக்கப்பட்ட இரு சமூகங்களின் துயரும் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆயினும் உண்மை வழக்கு என்று சொல்லிக்கொண்டு வரும் படைப்பு, துயர்பட்டவனின் சமூக அடையாளத்தை மாற்றியது குறையே.

இப்படத்தின் நிறை எது? தொடக்கக் காட்சி. சிறைவாசலிலே விடுதலையாகி வருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். வலிய சாதியினர் வீட்டுக்குப் போகலாம். கேட்க நாதியற்றவர், முடியாத வழக்குகளை முடிப்பதற்காக மீண்டும் காவலர் வண்டியில் ஏற வேண்டும். அங்கே சொற்பொழிவு இல்லை. பார்ப்பவன் உள்ளத்திலே கேள்வி தானாக எழுகிறது. ஆட்கொணர்வு மனு என்ற சொல், சட்டம் படித்தவர் நாவிலிருந்து இறங்கி, தேநீர்க் கடை விசுப்பலகைக்கு வந்தது இந்தப் படத்தால்தான். இது சிறிய தொண்டன்று.

குறை எது? அடியும் உதையும் நீண்டுகொண்டே போகின்றன. பார்ப்பவன் அழுகிறான். அழுதவன், வழக்கறிஞர் வந்ததும் ஆறுதல் பெறுகிறான். துகிலுரிதலிலே கண்ணன் வந்ததுபோல், இங்கே கறுப்பங்கி அணிந்தவர் வருகிறார். தெய்வத்தின் இடத்திலே சட்டம் அறிந்த மனிதன் வந்தது முன்னேற்றமே. எனினும், காப்பவன் ஒருவன் வரும்வரை காத்திரு என்ற பழைய பாடம் அங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் வெளிவந்தபின் நடந்ததைப் பாருங்கள். படம் எழுப்பிய பொருள் காவல் நிலையச் சாவு. நாட்டிலே மூண்ட வாதமோ, ஒரு காட்சியில் சுவரிலே தொங்கிய நாட்காட்டியைப் பற்றியது! நாட்காட்டி மாற்றப்பட்டது. கண்ணீர் வற்றியபின், சாதிப் பெருமைக்கு நேர்ந்த காயம் மட்டுமே பேசப்பட்டது. இரக்கத்தை நம்பியிருக்கும் கலைக்கு இந்த ஆபத்து என்றும் உண்டு.

ஆயினும் அந்தக் குறைக்கு மருந்தும் அப்படத்திற்குள்ளேயே இருக்கிறது. வழக்கைக் கைவிடப் பணம் தருவதாகச் சொல்லும்போது செங்கேணி வேண்டாமென்கிறாள். காவலர் வண்டியிலே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லும்போது ஏற மறுத்து நடக்கிறாள். வண்டி அவள் பின்னால் ஊர்கிறது. இறுதியிலே அவள் மகள், வழக்கறிஞருக்கு எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் விரிக்கிறாள். இம்மூன்று காட்சிகளிலும் கொடுப்பவன் பெரியவனல்லன். மறுப்பவளும் படிப்பவளுமே பெரியவர்கள். மாணவருக்குக் காட்டுவதானால், அடிவிழும் காட்சிகளைவிட இவற்றையே காட்டுவோம்.

மூன்றாவது நாவல். இதே தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையம் 1994இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிற்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தியின் வாழ்வு அது. வீடு வீடாக வாங்கும் சோறும், களத்திலே அளக்கும் தானியமுமே அவள் கூலி. காலம் மாற மாற அதுவும் குறைகிறது. மேலே இருப்பவன் மிதிக்கிறான் என்று குமுறும் மக்களும், தமக்குக் கீழே ஒருத்தி கிடைத்தால் மிதிக்கிறார்கள் என்பதை இந்நாவல் மறைக்கவில்லை. வீட்டுக் குறையை வெளியில் சொல்லலாமா என்று அப்போது சிலர் சினந்தார்கள். சொல்லலாம் என்பதே நமது துணிபு. உரிமை என்பது மேலே இருப்பவனிடம் கேட்கும் கடன் மட்டுமன்று. கீழே இருப்பவளுக்குத் தர வேண்டிய கடனும் ஆகும். சாதி ஏணியின் எல்லாப் படிகளையும் காட்டாத நூல், ஏணியை ஒடிக்கக் கற்பிக்காது.

இந்நாவலிலே கண்ணனும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. காப்பவர் யாருமில்லாததால் கண்ணீருக்கு ஆறுதல் கிடைக்காமல், படிப்பவன் “நான் என்ன செய்தேன்?” என்று தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. மூன்றிலும் உரிமைக் கல்விக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே. ஆனால் ஆரோக்கியங்கள் இதைப் படித்ததில்லையே! எழுத்தறியாதவரைப் பற்றிய நூல், எழுத்தறிந்தவரின் அலமாரியிலே உறங்குமானால் யாருக்கு என்ன பயன்? உரக்கப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். படிப்பகம் வைத்து, ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டு வளர்ந்த இயக்கத்தின் வழிவந்தவர்களுக்கு இது புதிய வேலையா?

கேள்வியை எழுப்பினால் மட்டும் போதுமா? போதாது; கேள்வி சென்று தட்ட ஒரு கதவு வேண்டும். இதற்குத் திண்டிவனம் வழி காட்டியிருக்கிறது. கல்லூரிப் பேராசிரியராக இருந்த கல்விமணி அவர்கள், இவ்வட்டாரத்து இருளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், சாதிச் சான்று, மனைப்பட்டா, காவல்துறைக் கொடுமை, செங்கல் சூளைக் கொத்தடிமை என ஒவ்வொன்றுக்கும் மனு எழுதி, அலுவலகம் ஏறி, வழக்கு நடத்தி வந்திருக்கிறது. அவரே ரோசணையில் தாய்த் தமிழ்ப் பள்ளியையும் தோற்றுவித்தார். பள்ளியும் சங்கமும், எழுத்தும் மனுவும் ஒரே வேலையின் இரு கைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பழங்குடிச் சான்றை வழங்க வேண்டியவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். அந்தச் சான்று இல்லாவிடில் இருளர் வீட்டுப் பிள்ளைக்கு உரிய உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. ‘ஜெய் பீம்’ பார்த்து அழுத நமது தோழர்களுள், தம் தெருக்கோடியில் இருக்கும் இருளர் குழந்தைக்குச் சான்று இருக்கிறதா என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

ஆகவே நாம் சொல்வது இது. மன்றங்களிலே படம் காட்டுங்கள். ஆனால் முடிந்ததும் விளக்கைப் போட்டு, கூட்டத்தைக் கலையவிடாமல் கேளுங்கள்: பிடித்துச் சென்றவனை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் உறுப்பு கூறுகிறதே, இந்தக் கதையிலே அது எங்கே மீறப்பட்டது? கைதானவனின் உறவினருக்குச் சொல்ல வேண்டும், கைதுக்குக் குறிப்பாணை எழுத வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் டி.கே. பாசு வழக்கிலே உச்சநீதிமன்றம் விதித்ததே, நம்மூர்க் காவல் நிலையத்தில் அது நடக்கிறதா? நாவல் படியுங்கள், அன்றே ஒரு மனு எழுதப் பழக்குங்கள். கூத்து நடத்துங்கள், கட்டியக்காரனுக்கு வாய் கொடுங்கள். இருளர் இளைஞரும் வண்ணார் மகளும் தம் கதையைத் தாமே எழுதி, தாமே நடிக்க மேடை அமையுங்கள். நாம் அவர்களுக்காக எழுதும் ஆயிரம் பக்கத்தைவிட, அவர்கள் எழுதும் ஒரு பக்கம் வலியது.

1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரிலே ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். நகரின் நடுவே தினமும் பள்ளிக்கு நடக்கும் நம் மாணவருள் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியாத வரலாற்றுக்காக யாரும் அழவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. அதை எழுத ஒரு பேனா வேண்டும், நடிக்க ஒரு மேடை வேண்டும், வகுப்பிலே பேச ஓர் ஆசிரியர் வேண்டும். அழ வைப்பதற்காக அல்ல, “யார் செய்தார்? ஏன் செய்தார்? சட்டம் என்ன செய்தது?” என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்பதற்காக. அப்படிக் கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாத வகுப்பறைகளை முதலில் உண்டாக்குவோம்.