கண்ணாடியிலிருந்து வீதிக்கு: ‘ஐந்து முதல் ஏழு வரை கிளியோ’

நோயின் வேதனையைக் கூறும் படைப்புகள் பலவுள. நோய் இன்னதென்று அறியாது காத்திருப்போரின் வேதனையைக் கூறுவன மிகச் சிலவே. சோதனை முடிந்துவிட்டது, முடிவு எங்கோ ஒரு மேசையிற் கிடக்கிறது, அதற்குரியவர் மாத்திரம் அதனை அறியார். இந்த இடைவெளியைத் தனிமனிதரின் உள்ளத் துயரமென்று மட்டும் கொள்ளலாமா? அன்றிச் சமுதாய உறவுகள் வெளிப்படும் ஓர் இடமென்றும் கொள்ளவேண்டுமா? பிரெஞ்சு நெறியாளர் ஆக்னெஸ் வார்டா 1962இல் வெளியிட்ட ‘ஐந்து முதல் ஏழு வரை கிளியோ’ என்னும் திரைப்படத்தை இவ்வினாவோடு அணுகுவது பயனுடையதாகும்.

கிளியோ பாரிஸ் நகரத்து இளம் பாடகி. தனக்குப் புற்றுநோய் இருக்குமோ என அஞ்சும் அவள், சோதனையின் முடிவை அன்று மாலை அறியவேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் படம், அவள் வாழ்விலும் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தையே காட்டுகிறது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் ஒருவர் பெயரும் கடிகார நேரமும் வருகின்றன. இதனை வெறும் உத்தியென ஒதுக்குதல் தவறு. காத்திருப்போர் காலத்தை உணரும் முறையே இதுவாகும்.

படம் சீட்டுப் பார்த்துக் குறிசொல்பவளின் மேசையிலே தொடங்குகிறது. விஞ்ஞானம் விடைதரத் தாமதிக்கும்போது குறிசொல்பவள் உடனே விடைதருகிறாள். செவ்வாய்க்கிழமையிற் புதுத் தொப்பி அணியலாகாதென்று பணிப்பெண் தடுக்கிறாள். வந்துபோகும் காதலனிடம் கிளியோ தன் அச்சத்தைச் சொல்வதில்லை. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் வைத்தியர் வேடம் போட்டு அவளைச் சிரிக்கவைக்க முயல்கின்றனர். அவளோ கண்ணாடிகளிலே தன்னைப் பார்த்துப் பார்த்து, அழகு உள்ளவரை உயிரும் உண்டென்று ஆறுதல் கொள்கிறாள். பிறர் பார்ப்பதற்கான பொருளாகவே வாழப் பழக்கப்பட்ட ஒருத்திக்கு, நோய் என்பது அப்பொருளின் விலை வீழ்ச்சியாகவே தோன்றும். முற்பகுதி இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

ஒரு சோகப்பாடலை ஒத்திகை பார்க்கையில் அவள் உடைந்துபோகிறாள். பொய்முடியைக் களைந்து, கறுப்புடை அணிந்து தனியே வெளியேறுகிறாள். சிற்றுண்டிச்சாலை ஒன்றிலுள்ள இசைப்பெட்டியில் தன் பாடலைத் தானே ஒலிக்கவிடுகிறாள், எவரும் செவிகொடுக்கவில்லை. அந்த அவமானமே அவளுக்கு விடுதலையின் தொடக்கமாகிறது. இதுவரை பார்க்கப்பட்டவள் இப்பொழுது பார்க்கத் தொடங்குகிறாள். சிற்பிகளுக்கு மாதிரியாக நின்று பிழைக்கும் தோழி டோரத்தே, தன் உடலைக் கூச்சமோ செருக்கோ இன்றித் தொழிலுக்கு உரியதாகக் கருதுவது இங்கு கவனிக்கத்தக்கது.

பூங்காவிலே அந்துவான் என்னும் போர்வீரனைச் சந்திக்கும் காட்சியிலேதான் படைப்பின் உண்மையான பலம் வெளிப்படுகிறது. விடுமுறை முடிந்து அன்றிரவே அவன் அல்ஜீரியப் போர்முனைக்குத் திரும்பவேண்டும். காரணமின்றிச் சாவதே அவனுடைய அச்சம். ஆகவே காத்திருப்போர் இருவர்: ஒருத்தியின் தீர்ப்பு ஆய்வுகூடத்தில்; மற்றவனின் தீர்ப்பு அரசின் கையில். இருவரும் பஸ்ஸிலேறி வைத்தியசாலைக்குப் போகின்றனர். அங்கே வைத்தியர் காரிலிருந்தபடியே, இரண்டு மாதச் சிகிச்சையிற் குணமாகும் என்று சில சொற்களிற் கூறிவிட்டுப் போய்விடுகிறார். தோல்ஸ்தோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) இங்கு நினைவுக்கு வருகிறது. நீதிபதியான இவான், நீதிமன்றத்தில் தான் காட்டிய அதே தோரணையை வைத்தியரிடம் காண்கிறான். வார்டாவின் வைத்தியர் கொடியவரல்லர்; ஆயினும் அறிவு அவர் பக்கமும் அச்சம் அவள் பக்கமும் இருக்கும்வரை, அவருக்குச் சில விநாடி போதுமானதாகிறது.

இவ்வளவு கூறியபின் படத்தின் குறைபாட்டையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. 1954 முதல் 1962 வரை நீடித்த அல்ஜீரிய விடுதலைப் போர் இங்கே வானொலிச் செய்தியாகவும் பிரெஞ்சு வீரனின் துயரமாகவும் மட்டுமே வருகிறது. அப்போரின் மறுபுறத்தே நின்றோர்க்கு இதிலே முகமில்லை. ஆபிரிக்க முகமூடிகளோ கடைக் கண்ணாடிக்குள் இருந்து கிளியோவை அச்சுறுத்தும் அபசகுனங்களாகின்றன. இப்படம் எடுக்கப்பட்ட அதே ஆண்டில், 1961 ஒக்டோபர் 17ஆம் திகதி, அதே பாரிஸில் அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர் பலரைப் பொலிசார் கொன்றனர். கதை நிகழ்வது அதற்கு முந்திய கோடையாதலால் இச்சம்பவம் படத்தில் இல்லாமையைக் குறைகூற மாட்டோம். ஆனால் அந்நகரிலே உழைத்து வாழ்ந்த அம்மக்கள் படத்தில் இல்லாமையைக் குறைகூறவே வேண்டும்.

1971இல் இலண்டனிலே நோயாளி ஒருவரின் மூளை முதன்முதலாகச் சீ.ரி. ஸ்கேன் கருவியாற் படமெடுக்கப்பட்டது. இன்று அத்தகைய படம் சில நிமிடங்களிற் கிடைத்துவிடுகிறது. எனினும் அதனை ஒரு நிபுணர் வாசிக்கவேண்டும், அறிக்கை எழுதப்படவேண்டும், ஒருவர் அதனை நோயாளிக்கு விளங்கும் மொழியிற் சொல்லவேண்டும். நாட்கூலிக்கு உழைப்பவர் அறிக்கைக்காக மீண்டும் வரும் நாள், கூலியிழந்த நாளுமாகும். காத்திருப்பதற்கும் வசதி வேண்டியிருக்கிறது.

கிளியோவுக்கு அவ்வசதி இருந்தது. படத்தின் முற்பகுதியில் அவளை ஏற்றிச்செல்லும் வாடகைக்காரை ஓட்டுபவரும் ஒரு பெண்ணே. அவருக்கும் அன்று ஒரு சோதனையின் முடிவு வரவேண்டி இருந்திருப்பின், அவர் அந்த மாலை முழுவதும் காரை ஓட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார். அவருடைய கதையை எழுதுவது இனி வரும் படைப்பாளிகளின் கடமையாகும்.