சிரட்டையில் தேங்கும் மழை

கேரளத்தின் அம்பூரிச் சரிவுகளில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டு நின்றுவிடும். வெட்டுக்காரர் வராத நாட்களில், மரத்தில் கம்பி கட்டி மாட்டிய சிரட்டைகள் பாலுக்குப் பதில் மழைநீரை ஏந்தி நிற்கும். ஒரு கை தண்ணீர் போதும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும். கேரளத்தில் டெங்கு முதலில் பதிவானது 1997இல், ரப்பர் விளையும் கோட்டயத்தில்.

இலங்கையின் களுத்துறையும் ரப்பர் மண்தான். அங்கே கொசுவுக்கு நுளம்பு என்று பெயர். அந்நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கப்பட்டதும் களுத்துறையில்தான்.

அன்று தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்றும் நோயாளியின் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. டெங்கு என்று சந்தேகம் வந்ததுமே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், ஆஸ்பத்திரி ஓர் அறிவித்தல் படிவத்தை அவருடைய ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பும். அடுத்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கே வருவார். காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, எங்கெல்லாம் போனார், பக்கத்து வீட்டில் யாருக்கு? கேட்டுக்கொண்டே பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் பார்ப்பார். நுளம்புக் குடம்பி (கொசுப்புழு) நெளிந்தால், 2007ஆம் ஆண்டு வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக்காரரை நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம்.

கேரளம் அழுத்தம் கொடுப்பது கிழமைக்கு. வெள்ளி பள்ளிக்கூடம், சனி அலுவலகம், ஞாயிறு வீடு: இதுதான் தேங்கிய நீரை அகற்றும் 'டிரை டே'. யாருக்கும் காய்ச்சல் வருமுன்பே ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர் வாசலில் நிற்பார். தண்ணீரைக் கொட்டச் சொல்வார். நோய்க் கணக்குக்கு 2004இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. இலங்கையிலும் துப்புரவு வாரங்கள் உண்டு, கேரளத்திலும் நோயாளி வீட்டுக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் போவார். ஆனால் இலங்கை படிவத்திலிருந்து புறப்படுகிறது, கேரளம் நாள்காட்டியிலிருந்து.

2017 இரண்டையும் உலுக்கியது. இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள், கேரளத்தில் சுமார் 20,000 பேர்.

படிவமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டைச் சுற்றியே வருகின்றன. சிரட்டை இருப்பதோ ஆளில்லாத தோட்டத்தில். ஒரு ஏக்கரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரங்கள். மழை தொடங்கும் நாளில் யாராவது வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும். வெட்டில்லாத நாளில் வெட்டுக்காரருக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. அந்த ஒரு நடைக்கு யார் கூலி கொடுப்பது என்பது அம்பூரியிலும் களுத்துறையிலும் ஒரே கேள்விதான்.